மேலதிகமானது: ஒரு சொல்லும் கருகிய ஒரு மோட்டரும்

அட்டவணையின் ஏழாவது வரியில் இப்படி இருந்தது: "நீர்ப்பம்ப் 2 (1 மேலதிகமானது)". அந்த வரியை எழுதியவன் நான். ஆங்கில மூலத்தில் அடைப்புக்குறிக்குள் "ரிடண்டன்ட்" என்ற ஒரேயொரு சொல்தான் இருந்தது. அகராதியில் பார்த்தேன், கலைச்சொல் பட்டியலில் பார்த்தேன். மிகை, மிகைமை, மேலதிகம், தேவைக்கு மேற்பட்டது என்றெல்லாம் கிடந்தன. "மிகையானது" கொஞ்சம் கடுமையாகத் தெரிந்ததால் "மேலதிகமானது" என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். ஒரு நிமிடம்கூட எடுத்திருக்காது.

மூன்று வருடம் கழித்து, 2025 பெப்ரவரியில், அந்த ஊரில் ஒன்பது நாட்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதற்கும் என் வரிக்கும் எவ்வளவு தொடர்பு என்று தேடிப் பார்த்ததுதான் இந்த ஆய்வு. ஊரின் பெயரையும் திட்டத்தை நடத்தியவர்களின் பெயரையும் எழுதவில்லை. ஒரு குற்றவாளியைக் கண்டுபிடிப்பதல்ல என் வேலை. ஒரே சொல் ஆறேழு துறைகளில் ஆறேழு பொருளில் புழங்குகிறது. அதைத் தமிழில் ஒரே சொல்லால் மூடினால் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஊரும் தண்ணீரும்

வலிகாமத்துச் செம்மண் ஊர். வெங்காயம், புகையிலை, மரவள்ளி. வீட்டுக்கு ஒரு கிணறு, தோட்டத்துக்கு ஒரு கிணறு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரியில் மட்டும்தான் ஓடும். மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் கிடக்கிற உப்புநீருக்கு மேல் ஒரு வில்லை மாதிரி மிதந்து நிற்கிறது. எல்லோரும் அள்ளுவது அதைத்தான். தோட்டத்துக்குப் போட்ட உரமும் மலக்குழிக் கழிவும் அதே கல்லிடுக்குகளால் இறங்கி அதே தண்ணீரில் கலக்கின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது போத்தல் பால் குடிக்கிற கைக்குழந்தை: இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறைந்து உடம்பு நீலம் பாயும். இந்த ஊர்க் கிணறுகள் பல அந்த வரம்பைத் தாண்டியிருந்தன.

அதனால்தான் தோட்டங்களிலிருந்து தள்ளி ஒரு கிணற்றைத் தெரிந்து, பம்ப் இறக்கி, தாங்கி கட்டி, வீடுகளுக்குக் குழாய் போடுகிற திட்டம் வந்தது. ஊரவர்கள் ஒரு குடிநீர்ச் சங்கம் அமைத்து அதைப் பொறுப்பெடுத்தார்கள். வடிவமைப்பு அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. சங்கத்துக்காக அதைத் தமிழாக்கித் தந்தேன்.

வெட்டிய வரிகள்

2022 ஆம் ஆண்டை யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபா வரை போனது. பம்ப், கேபிள், பம்பை இயக்குகிற மின்பனல் எல்லாமே இறக்குமதி. பழைய மதிப்பீட்டை வைத்துக்கொண்டு பாதி வேலைகூடச் செய்ய முடியாத நிலை. எதையாவது வெட்டியே ஆகவேண்டும்.

அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். பொருளாளர் ஓய்வுபெற்ற கணக்காளர், ஒரு சதம் வீண்போக விடாத மனிதர். அட்டவணையை விரலால் தடவிக்கொண்டு வந்தவர் ஏழாவது வரியில் நிறுத்தினார்.

"மேலதிகம் எண்டு அவையளே எழுதியிருக்கினம். பிறகென்ன, வெட்டுங்கோ."

யாரும் மறுக்கவில்லை. பதினோராவது வரி: "மேலதிகப் பாதுகாப்பு ரிலே", கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற கருவி. வெட்டினார்கள். பதினான்காவது வரி: "பம்ப் பார்ப்பவர் 2 (1 மேலதிகம்)". அதையும் வெட்டினார்கள். பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த தம்பியிடம் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, பிறகு பார்ப்போம் என்றார்கள். மூன்று வரியும் ஒரே ஆங்கிலச் சொல். மூன்றையும் நான் ஒரே தமிழ்ச் சொல்லால் எழுதியிருந்தேன். மேலதிகம் என்றால் கூடிப்போனது. கூடிப்போனதைக் குறைப்பதுதானே முறை. பொருளாளர் தமிழைச் சரியாகத்தான் வாசித்தார். ஆனால் பொறியியலில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு, ஒன்று பழுதானால் கைகொடுக்க வைத்திருக்கும் மற்றது என்று பொருள்.

பெப்ரவரி 9

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்ற நாள். நமது ஊருக்கு மின்சாரம் பின்னேரம் திரும்பி வந்தது. ஆனால் மின்சாரம் வருகிற மூன்று கம்பிகளில், அதாவது மூன்று பேஸில், ஒன்று வரவில்லை. ஊர் ட்ரான்ஸ்போமரில் ஒரு பியூஸ் போயிருந்தது.

மற்ற இரண்டு பேஸில் இருந்த வீடுகளில் லைட் எரிந்தது. பம்ப் அறைக் குமிழும் எரிந்தது. பகல் முழுக்கச் சனம் பாவித்ததில் தாங்கி காலி. பம்ப் பார்க்கிற அண்ணை வந்தார், குமிழைப் பார்த்தார், பனலைத் தானாக ஓடுகிற நிலையில் போட்டுவிட்டு அடுத்த ஊர்ச் செத்த வீட்டுக்குப் போய்விட்டார். வேறு யார் போவது, அவர் ஒருவர்தானே.

பனலின் முகத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று சின்ன லைட் இருக்கும், பேஸுக்கு ஒன்று. அன்று மஞ்சள் எரியவில்லை. ஆனால் மஞ்சள் லைட் பழுதாகி நாலைந்து மாதம். எரியாத மஞ்சள் அவருக்குப் புதுச் செய்தி ஒன்றையும் சொல்லவில்லை.

இரவு அந்தப் பக்கத்து வீட்டு அம்மா கிணற்றுக்குள்ளிருந்து உறுமுவது மாதிரி ஒரு சத்தம் கேட்டதாகச் சொல்கிறார். யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் படுத்துவிட்டார்.

மோட்டருக்குள்

மோட்டரைக் கிணற்றிலிருந்து தூக்கி மோட்டர் கட்டுகிற கடைக்குக் கொண்டுபோனபோது நானும் போனேன். கடைக்காரர் உறையைக் கழற்றியதும் முதலில் மணந்தது எரிந்த வார்னிஷ். பிறகு டோர்ச் அடித்துக் காட்டினார்.

வட்டமாகச் சுற்றியிருந்த செம்புச் சுருள்களில் மூன்றில் இரண்டு பங்கு கரிக்கட்டை நிறம். நூல் கட்டுகள் எரிந்து, கம்பி கம்பியாகப் பிரிந்து கிடந்தன. இடையிடையே மீதி ஒரு பங்கு மட்டும் நேற்றுக் கட்டியது மாதிரி செம்பொன்னாக மினுங்கியது. கடைக்காரர் அந்த மினுங்குகிற சுருளைத்தான் தொட்டுக் காட்டினார்.

"இதுக்குக் கரண்டே வரேல்லை. வந்த ரெண்டும்தான் செத்தது."

மூன்று சுருளின் முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, நட்சத்திர முறையில் கட்டிய மோட்டருக்கு ஒரு பேஸ் இல்லாமல் போனால் விழுகிற கையெழுத்து அது. நிற்கிற மோட்டர் இரண்டு பேஸில் சுழலத் தொடங்காது, உறுமிக்கொண்டு நிற்கும். சாதாரணமாக எடுக்கிற மின்னோட்டத்தைப்போல் பல மடங்கை அந்த இரண்டு சுருளாலும் இழுக்கும். ஓவர்லோட் ரிலே ஒன்று இருந்தது, அது துண்டித்திருக்க வேண்டும். வோல்டேஜ் குறைகிற நேரமெல்லாம் அது அடிக்கடி துண்டிக்கிறது என்று யாரோ அதன் திருகை மேலே கூட்டிவிட்டிருந்தார்கள். பதினோராவது வரியில் வெட்டிய பேஸ் பெயிலியர் ரிலே இருந்திருந்தால், மோட்டரை ஓடவே விட்டிருக்காது.

இனி நேர்மையாகக் கணக்குப் பார்க்கவேண்டும். ஏழாவது வரியின் இரண்டாவது பம்ப் இருந்திருந்தால் ஊர் தப்பியிருக்குமா? நானும் முதலில் ஓம் என்றுதான் நினைத்தேன். கணக்கு அழகாக வரும். ஒரு பம்ப் நூறு நாளில் ஐந்து நாள் பழுதாக இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே நாளில் பழுதாக இருப்பது நானூறு நாளில் ஒரு நாள். ஆனால் இரண்டும் தனித்தனிக் காரணங்களால் பழுதானால்தான் அந்தக் கணக்கு சரி. அன்று இரவு நடந்ததை நினைத்துப் பாருங்கள். பனல் தானாகவே ஒரு பம்பிலிருந்து மற்றதுக்கு மாற்றுகிற வகையாக இருந்திருந்தால், முதலாவது கருகிய பிறகு இரண்டாவதையும் அதே இரண்டு பேஸில் எழுப்பியிருக்கும். இரண்டு மோட்டரும் ஒரே இரவில் கருகியிருக்கும். கையால் மாற்றுகிற வகையாக இருந்திருந்தால், அடுத்த நாள் காலை லைன் ஆட்கள் பியூஸ் போட்டதும் இரண்டாவதை ஓட்டியிருக்கலாம். ஒன்பது நாள் அரை நாளாகச் சுருங்கியிருக்கும். வெட்டிய மூன்றில் விலை குறைந்தது ரிலே. ஊரை முழுதாகக் காப்பாற்றியிருக்கக்கூடியதும் அதுதான். வெளியே அனுப்பிய தம்பி அன்று பம்ப் அறையில் நின்றிருந்தால் அந்த உறுமல் அவர் காதில் விழுந்திருக்கும்.

இலக்கணம் படித்தவனின் பழக்கம்

நான் ஏன் கூசாமல் "மேலதிகம்" என்று எழுதினேன் என்று யோசித்தால், பாடசாலைக் காலம்தான் நினைவுக்கு வருகிறது. நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது குன்றக் கூறலுக்கு அடுத்ததாக மிகைபடக் கூறலைச் சொல்கிறது, அதற்கடுத்துக் கூறியது கூறலை. தமிழ் படித்தவன் மனதில் மிகை என்றாலே சிவப்பு மையால் அடிக்கவேண்டியது என்று பதிந்துவிட்டது. கட்டுரைக் கொப்பியில் "நடுமையம்" என்று எழுதி அடி வாங்காதவர் குறைவு.

ஆனால் அதே நன்னூல், ஒரே பொருள் தரும் பல சொற்கள் சேர்ந்து வருவதைச் சிறப்புக் கருதி ஏற்றும் இருக்கிறது. "மீமிசை" என்பதில் மீ என்றாலும் மேல்தான், மிசை என்றாலும் மேல்தான், அது வழுவல்ல. ஒரு சொல் இரண்டு, மூன்று, நான்கு தடவை அடுக்கி வரலாம் என்றும் அளவு சொல்கிறது. புல்லுக்குள் பாம்பைக் கண்டவன் ஒரு தடவை "பாம்பு" என்று சொல்லி நிறுத்துவதில்லை. முதலாவது "பாம்பு" காதில் விழாவிட்டாலும் இரண்டாவது விழும்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால், நமது மொழியின் எலும்பே மிகையால் ஆனது என்று தெரியும். "நான் வந்தேன்" என்பதில் வந்தது யார் என்பது இரண்டு தடவை இருக்கிறது: "நான்" என்று ஒருக்கால், "ஏன்" என்ற விகுதியாக இன்னொருக்கால். தொலைபேசி இரைச்சலில் "நான்" காணாமல் போனாலும் "வந்தேன்" காப்பாற்றிவிடும். 1948 இல் பெல் ஆய்வுகூடத்தில் இருந்த கிளோட் ஷனன் இதைத்தான் கணக்காக்கினார். சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறத்தாழப் பாதி மிகை என்று மதிப்பிட்டார். இரைச்சலுள்ள கம்பி வழியே செய்தி சேதமில்லாமல் போகவேண்டுமானால், திட்டமிட்டுச் சேர்த்த மிகை வேண்டும் என்று காட்டினார். அவருடைய துறையில் ரிடண்டன்சி குறையே அல்ல, செய்தியைக் காக்கிற பொருள்.

இலக்கத்துக்கு அந்தக் காப்பு இல்லை. சொல்லில் ஒரு எழுத்துப் பிழைத்தால் கண் பிடித்துக்கொள்ளும். 1,500 இல் ஒன்று ஏழாகிவிட்டால் 7,500 உம் ஒழுங்கான தொகைதான், ஒன்றும் உறுத்தாது. அதனால்தான் காசோலையிலும் பற்றுச்சீட்டிலும் ரூபாவை இலக்கத்தில் எழுதிவிட்டு எழுத்தாலும் எழுதுகிறோம். நமது பொருளாளர் அதில் மகா கண்டிப்பு. எழுத்தால் எழுதாத சீட்டைத் தொடவே மாட்டார். அந்த மனிதர்தான் ஏழாவது வரியை வெட்டினார் என்பதை நினைக்கும்போதெல்லாம், சொல்லை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் கூட்டத்தில் முதல் ஆளாகப் பம்புக்காக வாதாடியிருப்பவர் அவர்தான் என்று தோன்றுகிறது.

மூன்று கொப்பிகள்

அந்த ஒன்பது நாளும் பவுசரில் தண்ணீர் வந்தது. எந்தெந்த வீட்டு வாசலில் நிறுத்துவது என்ற பட்டியலை அங்கத்தவர் கொப்பியைப் பார்த்து எழுதினார்கள். ஒரு வீட்டில் பவுசர் முதல் இரண்டு நாளும் நிற்கவில்லை. இணைப்பு தகப்பன் பெயரில் இருந்தது. அவர் இறந்தபின் வேறு காணியில் வீடு கட்டிய மகள் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றியிருந்தார். மீற்றர் வாசிக்கிற கொப்பியில் மாற்றம் இருந்தது, பற்றுக் கொப்பியிலும் இருந்தது. அங்கத்தவர் கொப்பியில் மட்டும் இல்லை. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை. இரண்டு நாளும் தோட்டக் கிணற்றுத் தண்ணீரைத்தான் கொதிக்கவைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இங்கே ரிடண்டன்சி உண்மையிலேயே குற்றம். கணினித் தரவுத்தளம் படித்தவர்கள் இதைத்தான் முதற்பாடமாகப் படிக்கிறார்கள்: ஒரே தகவலை மூன்று இடத்தில் வைக்காதே, ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்பாய். 1970 இல் எட்கார் கொட் முன்வைத்த தொடர்புசார் மாதிரியும், அதைத் தொடர்ந்து வந்த நெறிமுறைகளும் அந்த மிகையைக் களைவதற்கு வழி சொன்னவை.

அப்படியென்றால் பற்றுச்சீட்டில் இரண்டு தடவை எழுதுவது நல்லது, மூன்று கொப்பியில் எழுதுவது கெட்டது என்றால் எப்படி? இதில் நான் கனநாள் தடுமாறினேன். வேறுபாடு எத்தனை தடவை எழுதினோம் என்பதில் இல்லை. சீட்டில் இலக்கமும் எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கை நீட்டி வாங்குகிறவன் இரண்டையும் ஒத்துப் பார்க்கிறான். மூன்று கொப்பியும் மூன்று வீட்டில் இருந்தன. யாரும் அவற்றை ஒன்றாக விரித்ததே இல்லை. பழுதான மஞ்சள் லைட்டும் அந்த வகைதான். இருந்தது, ஆனால் அதை யாரும் பார்த்து நம்பவில்லை.

ஏட்டுப் பிரதிகள்

இந்த ஒத்துப் பார்க்கிற கலையில் நமது குடாநாட்டுக்கு ஒரு பெரிய முன்னோடி இருக்கிறார். சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. 1887 இல் கலித்தொகையை அச்சேற்றியவர். அதற்குமுன் வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம் என்று ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். கட்டை அவிழ்த்தால் நொறுங்குகிற ஏடுகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்து, ஒரே நூலின் பல பிரதிகளை அருகருகே வைத்து வாசிப்பதுதான் அவருடைய வேலை முறை. ஒரு பிரதியில் செல்லரித்த இடம் இன்னொன்றில் முழுதாக இருக்கும். ஒருவன் எழுத்தைப் பிழைத்த இடத்தில் மற்றவன் பிழைத்திருக்க மாட்டான். ஒரு பிரதியை மட்டும் வைத்திருப்பவனுக்கு எது பிழை என்றே தெரியாது.

ஆனால் பிரதிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, பெரும்பான்மை எதுவோ அதுதான் சரி என்று பதிப்பாசிரியர் முடிவெடுக்க முடியாது. பத்துப் பிரதி கையில் இருந்தாலும், பத்தும் ஒரே தாய் ஏட்டைப் பார்த்து எழுதியவையாக இருந்தால், தாய் ஏட்டின் பிழை பத்திலும் இருக்கும். அவை உண்மையில் ஒரு பிரதிதான். 1956 இல் வெளியான ஒரு கட்டுரையில் ஜோன் வொன் நியூமன், நம்பமுடியாத உறுப்புகளை மும்மூன்றாக வைத்து வாக்கெடுத்தால் நம்பத்தக்க இயந்திரம் செய்யலாம் என்று காட்டினார். அங்கேயும் நிபந்தனை இதுதான்: மூன்றும் வெவ்வேறாகப் பிழைக்கவேண்டும்.

1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதில் நமக்கு இன்றும் ஆறாதது வேறு எங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் கையெழுத்துகளும்தான். யாழ்ப்பாணத்தின் பழைய வரலாற்றைச் சொல்கிற யாழ்ப்பாண வைபவமாலையின் ஏடு அங்கே எரிந்தது என்று சொல்வார்கள். ஆனால் அந்த நூல் நம்மிடம் இருக்கிறது. அச்சுப் பிரதிகள் பல வீடுகளில் கிடந்தன. 1879 இலேயே பிரிட்டோவின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்துவிட்டது. ஒரே அலுமாரியில் பத்துப் பிரதி இருந்திருந்தால் பத்தும் எரிந்திருக்கும். 2005 இல் தொடங்கிய "நூலகம்" என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் வருடி இணையத்தில் வைப்பதை நான் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். அங்கே ஒரு பழைய சஞ்சிகையைத் திறக்கும்போதெல்லாம் அதன் இன்னொரு பிரதி இருக்கவேண்டுமே என்ற பதைப்பு கொஞ்சம் அடங்குகிறது.

கிணறுகளுக்கும் இதே கதைதான். வீட்டுக்கு வீடு கிணறு இருக்கிறதே, குழாய் நின்றால் என்ன என்று சிலர் கேட்டார்கள். நூறு கிணறு இருக்கலாம், எல்லாம் ஒரே வில்லையில்தான் வாய் வைக்கின்றன. வாளி வேறு, தண்ணீர் ஒன்று. 2024 இல் தாளையடியில் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் அந்தக் கணக்கில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குடாநாட்டுக்கு அது வேறொரு ஊற்று.

உடம்பைப் பற்றி ஒரு சொல். ஒரு சிறுநீரகத்தைத் தானம் கொடுத்தவர்கள் நன்றாக வாழ்கிறார்கள். அந்த அளவுக்கு இரண்டாவது "மேலதிகம்"தான். ஆனால் நீரிழிவு இரண்டையும் சேர்த்தே அரிக்கும்.

ஆளை மிகை என்று சொல்வது

லண்டனில் இருக்கிற என் தம்பிமுறையானவர் போன வருடம் போன் எடுத்துச் சொன்னார்: "அண்ணை, எனக்கு ரிடண்டன்சி தந்திட்டாங்கள்." அங்கே அது அன்றாடச் சொல். வேலையை விட்டு நிறுத்துவது. சட்டப்படி மிகையாகிப் போவது அந்தப் பதவிதான், ஆள் அல்ல. இரண்டு வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அதற்கான கொடுப்பனவும் உண்டு. அவர் குரலில் அந்த வேறுபாடு ஒன்றும் தெரியவில்லை. இலங்கையில் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம், 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் ஒருவரை இப்படி நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் எழுத்துமூல அனுமதியோ வேண்டும் என்கிறது. இரண்டு பேர் வேலை செய்கிற குடிநீர்ச் சங்கத்துக்கு அது பொருந்தாது. அந்தத் தம்பிக்கு என் அட்டவணையின் பதினான்காவது வரி மட்டும்தான் சட்டம்.

அறிக்கையை எழுதிய பொறியியலாளர் அந்த வரியில் ஆட்குறைப்பைப் பற்றி நினைத்திருக்கவே மாட்டார். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், ஒருவர் செத்த வீட்டுக்குப் போனால், மற்றவர் நிற்கவேண்டும் என்றுதான் எழுதினார். பொறியியலின் ரிடண்டன்சி, தொழிற்சட்டத்தின் ரிடண்டன்சியாக மாறி ஒரு இளைஞனின் சம்பளத்தை எடுத்தது. அது என் மேசையில்தான் நடந்தது.

இப்போது எழுதியிருப்பது

பெப்ரவரி கடைசியில் அட்டவணையைத் திரும்ப எழுதித் தந்தேன். காசு கேட்கவில்லை. ரிடண்டன்சிக்குச் சரியான ஒரு கலைச்சொல்லைத் தேடிக் களைத்துப்போய், கடைசியில் பம்ப் பார்க்கிற அண்ணையிடமே கேட்டேன். "ஓடுறது ஒண்டு, நிக்கிறது ஒண்டு" என்றார். அதில் எல்லாம் இருந்தது. மூன்று வரியும் இப்போது இப்படி இருக்கின்றன:

"நீர்ப்பம்ப் 2: ஒன்று ஓடும்; அது நின்றால் மற்றது ஓடும்."

"ஒரு பேஸ் இல்லாவிட்டால் மோட்டரை ஓடவிடாத ரிலே 1."

"பம்ப் பார்ப்பவர் 2: ஒருவர் இல்லாத நேரம் மற்றவர்."

சொல் நீளம்தான். ஆனால் ஒவ்வொன்றும் எதற்குப் பதிலாக நிற்கிறது என்பது வரிக்குள்ளேயே இருக்கிறது. பொருளாளர் வாசித்துவிட்டு ஒன்றையும் வெட்டவில்லை. ரிலேயை அந்தக் கிழமையே போட்டார்கள், மஞ்சள் லைட்டையும் மாற்றினார்கள். இரண்டாவது பம்ப் வர ஐந்து மாதம் எடுத்தது. சும்மா நின்றால் இறுகிவிடும் என்பதால் வெள்ளிக்கிழமை தோறும் மாற்றி ஓட்டுகிறார்கள். எது ஓடுகிறது என்பதைச் சுவரில் சோக்கால் எழுதுகிறவர், திரும்பி வந்த அந்தத் தம்பி.

இனி ஜெனரேற்றர். செயலாளர் போன மாதம் போன் எடுத்தார். விலைமனுவிலும் அந்தச் சொல் கிடக்கிறதாம், என்ன என்று எழுதுவது என்று கேட்டார். எழுதுவதற்கு முதல் இடத்தைப் பார்க்கவேண்டும் என்றேன். என் மனதில் இருந்தது புகுஷிமா. 2011 மார்ச் 11 அன்று அந்த அணுமின் நிலையத்தில் அவசர ஜெனரேற்றர்களுக்குக் குறைவில்லை. பெரும்பாலானவை தாழ்வான தளங்களில் இருந்தன. கடல் உள்ளே வந்ததும் ஒன்றாகவே நின்றன. ஆறாவது உலையின் ஒரு ஜெனரேற்றர் காற்றால் குளிர்கிற வகை, உயரமான இடத்தில் இருந்தது. அது ஓடியது. ஐந்தாம் ஆறாம் உலைகளை அந்த ஒன்றுதான் காப்பாற்றியது.

சனிக்கிழமை போனேன். ஜெனரேற்றருக்கு என்று சங்கம் கயிறு பிடித்து அடையாளம் போட்டிருந்தது பம்ப் அறைக்குப் பின்புறம். செலவு குறைவு, கேபிள் நீளம் குறைவு. தம்பி என்னைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சுவரைக் காட்டினார். போன மாரியில் வெள்ளம் நின்ற கறை என் முழங்காலுக்கு மேலே இருந்தது.